களைப்பின்றித் திரும்பும் பயணம்



கோடை விடுமுறை முடியும் தறுவாயில் வெளிநாட்டுச் சுற்றுலாவிலிருந்து திரும்பும் குடும்பங்களை விமான நிலையத்தில் கவனித்திருப்பீர்கள். தந்தையின் தோளில் ஒரு குழந்தை துவண்டு கிடக்கும். மற்றொன்று காரணமின்றி அழும். தாயின் கண்களில் பல நாள் உறக்கம் பாக்கி இருக்கும். ஐந்து நாள்களில் மூன்று நகரங்கள் என்று அச்சிடப்பட்ட பயணத் திட்டத்தில், பிள்ளையின் பகலுறக்கத்துக்கென்று ஒரு வரியும் இராது.

சிறு பிள்ளைகளோடு வெளிநாடு செல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓய்வுக்காகச் செல்வதாயின், அந்த ஓய்வைத் திட்டத்தின் முதல் வரியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறேன். செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்றிருப்பவரிடம் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. இதனை வங்கியில் பல்லாண்டுகள் கண்டிருக்கிறேன். ஓய்வின் கணக்கும் அப்படித்தான்.

சென்ற ஆண்டு வைகாசியில் என் குடும்பத்தார் ஆறு பேர் இலங்கைக்குச் சென்று வந்தோம். நானும் என் மனைவியும், மகனும் மருமகளும், ஆறு வயதுப் பேத்தியும் மூன்று வயதுப் பேரனும். மொத்தம் எட்டு இரவுகள். அவற்றில் ஆறு இரவுகள் ஒரே ஊரில். திருகோணமலைக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள நிலாவெளிக் கடற்கரைதான் அந்த ஊர்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்த்தது கடிகாரத்தை. சிங்கப்பூரின் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. இங்கே இரவு எட்டரைக்கு உறங்கும் பிள்ளைக்கு, அங்கே பதினொரு மணிக்குத்தான் கண் சொருகும். பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், மூன்று வயதுப் பிள்ளை பழகுவதற்குள் பயணத்தில் சில நாள்கள் கரைந்துவிடும். இலங்கையின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றே. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானப் பயணமும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரந்தான்.

அடுத்தது பருவம். நம் பள்ளிகளுக்கு விடுமுறை கிடைக்கும் மே மாதத்தில், தென்மேற்குப் பருவக்காற்றால் தீவின் மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். அதே காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் வரை இந்த அமைதி நீடிக்கும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் நிலைமை தலைகீழாகும். இதனை அறியாமல், கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் கடற்கரை விடுதியைப் பதிவு செய்தால், பிள்ளைகள் சன்னல் வழியாகத்தான் கடலைப் பார்க்க நேரிடும்.

மூன்றாவது உணவு. இடியப்பமும், தேங்காய்ப் பாலில் மஞ்சள் சேர்த்துக் காய்ச்சிய சொதியும் அங்கே எளிதாகக் கிடைக்கும். பச்சை மிளகாய் சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், பேரன் மறுபேச்சின்றி உண்டான். மொழியும் கைகொடுத்தது. நாம் ‘ஆம்’ என்னும் இடத்தில் அங்குள்ள தமிழர் ‘ஓம்’ என்பார்கள். “இன்னும் ஒரு இடியப்பம் வைக்கட்டுமா பிள்ளை?” என்று விடுதியில் பரிமாறிய அம்மா கேட்க, இரண்டாம் நாளே என் பேத்தி “ஓம்” என்றாள். எங்கள் வீட்டில் இன்றும் அவளிடமிருந்து அந்த விடைதான் வருகிறது.

விமானம் இறங்கும் கட்டுநாயக்காவிலிருந்து திருகோணமலை சுமார் 250 கிலோமீட்டர். சாலை வழியே ஆறு மணி நேரமாகும். இறங்கிய கையோடு புறப்படாமல், அருகிலுள்ள நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கினோம். மறுநாள் காலை உணவுக்குப் பின் கிளம்பி, குருணாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகச் சென்றோம். திரும்பும்போதும் அவ்வாறே ஓர் இரவு. இந்த இரண்டு இரவுகளை வீண் செலவு என்று என் நண்பர் ஒருவர் கருதினார். பிள்ளைகளுக்கு அழுகையும் வாந்தியும் இல்லாமல் போய் வந்ததற்கு, அந்தச் செலவுதான் காரணம் என்பது என் கருத்து. காரில் குழந்தை இருக்கை வேண்டும் என்பதை வண்டியைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

நிலாவெளியில் ஒரு நாளுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாள் திருக்கோணேச்சரம். ஞானசம்பந்தப் பெருமான் பாடிய இத்தலத்துக்குக் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. வெயில் ஏறினால் கல்தரை சுட்டு, பிள்ளைகளின் பாதம் தாங்காது. பிரெடரிக் கோட்டையின் வாயில் வழியாகத்தான் செல்ல வேண்டும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் உலவுகின்றன. அவற்றின் அருகில் அரை மணி நேரம் கழிந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

1622இல் போர்ச்சுகீசியர் பழைய கோயிலை இடித்ததையும், மண்ணுக்குள் இருந்த தெய்வத் திருமேனிகள் 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டதையும், 1963இல் மீண்டும் குடமுழுக்கு நடந்ததையும் பேத்திக்குக் கதையாகச் சொன்னேன். “அத்தனை வருஷம் சாமி மண்ணுக்குள்ளே தனியாவா இருந்தார், தாத்தா?” என்று கேட்டாள். கோணேசரும் மாதுமை அம்பாளும் சேர்ந்தே இருப்பவர்கள் என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கு வேறு இடம் பார்க்கவில்லை. ஒரு கதை பிள்ளையின் மனத்தில் ஊறுவதற்கு ஒரு பகல் தேவை.

மற்றொரு நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் நீரின் சூடு வெவ்வேறு. பெரியவர் ஒருவர் கைவைத்துப் பார்த்த பிறகே பிள்ளைகள்மீது ஊற்ற வேண்டும். எஞ்சிய நாள்களில் காலையும் மாலையும் கடல், நண்பகலில் உறக்கம். வேறொன்றும் இல்லை.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். குடும்பப் பயணத்தில் ஓய்வு யாருக்கு? என் மருமகள் முன்பு பெற்றோருடன் சென்ற ஒரு பயணத்தைப் பற்றி இப்படிச் சொன்னாள்: “மாமா, அந்த ஊரில் எனக்கு நினைவிருப்பது பால் புட்டி கழுவிய குழாயடிதான்.” அலுவலகத்துக்கு மட்டுமே விடுப்பு, அடுக்களை, துணி, மருந்து, மூட்டை எல்லாம் அவளோடு விமானம் ஏறியிருக்கின்றன.

ஆகவே புறப்படும் முன்பே ஒரு தாளில் முறை வகுத்தோம். நாள்தோறும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் முழு விடுப்பு; அந்நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது. துணி என் மகனுக்கு. காலை உணவு ஊட்டுவது எனக்கு. மாலையில் மகனும் மருமகளும் கரையோரம் நடந்து வருவார்கள். பாட்டி தாத்தா இருக்கிறார்களே என்று பிள்ளைகளை முழு நேரமும் நம்மிடம் விட்டுவிடுவதும் சரியன்று. அறுபது வயதுக்கு மேல் முழங்காலுக்கும் விடுப்பு வேண்டும். மூன்றாம் நாள் மருமகள் தன் இரண்டு மணி நேரமும் உறங்கினாள். நான்காம் நாளும் உறங்கினாள். ஐந்தாம் நாள்தான் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தாள். அவளுடைய களைப்பின் அளவு எங்களுக்கெல்லாம் அப்போதுதான் புரிந்தது.

கடலில் பிள்ளைகளைக் காப்பதற்கும் ஒரு முறை தேவை. கரையில் நான்கு பெரியவர்கள் அமர்ந்திருந்தால், மற்றவர் பார்க்கிறார் என்று நால்வரும் எண்ணுவதுண்டு. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தமிடுவதில்லை. வங்கியில் ரொக்கத்தை ஒருவர் எண்ணி, மற்றவர் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்ட பிறகே முதலாமவரின் பொறுப்பு நீங்கும். நாங்களும் அப்படியே செய்தோம். “இப்போது உங்கள் முறை” என்று பெயர் சொல்லி ஒப்படைப்போம். “சரி” என்ற பதில் வந்த பின்னரே எழுவோம். காவலில் இருப்பவர் கையில் கைபேசி இராது; பிள்ளை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல். நம் கடவுச்சீட்டு பத்தாண்டு செல்லும். சிறு பிள்ளைகளுடையது ஐந்தாண்டே. பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாகுமா என்று பாருங்கள். விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால் அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டெங்கு உள்ள நாடாதலால் கொசு விரட்டியும், மருத்துவர் அளவு எழுதித் தந்த காய்ச்சல் மருந்தும், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் கைப்பையில் இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும், “சிகிரியா பார்க்கவில்லையா? கண்டிக்குப் போகவில்லையா?” என்று கேட்டவர்கள் பலர். பார்க்கவில்லை, போகவில்லை. சிகிரியாக் குன்று அங்கேயேதான் இருக்கும்; பேரனின் மூன்று வயது இருக்காது.

இந்தக் கோடைக்குத் திட்டமிடும் அன்பர்கள், பார்க்க வேண்டிய இடங்களை எழுதும் முன், வீட்டுப் பிள்ளை எப்போது உறங்குகிறது, எப்போது பசிக்கிறது என்பதை எழுதுங்கள். அதன்கீழ் அதன் தாயின் பெயரை எழுதி, அவளுக்குரிய இரண்டு மணி நேரத்தைக் குறியுங்கள். மீதமுள்ள இடத்தில் எத்தனை ஊர்கள் அடங்குகின்றனவோ, அத்தனை போதும்.