சாலை போட்டது ரோம்... பெயர் வைத்தது ஊர்!

காந்தி ஸ்ட்ரீட், பிள்ளையார் கோயில் ஸ்ட்ரீட் என்று வீட்டு முகவரிகளில் வந்து உட்கார்ந்துகொண்ட 'ஸ்ட்ரீட்', பிறப்பால் ஆங்கிலச் சொல் அல்ல. ரோமானியர்களின் லத்தீன் மொழியில், கல் பரப்பிப் போட்ட பாதைக்கு 'வியா ஸ்ட்ராட்டா' என்று பெயர். 'வியா' என்றால் பாதை. காலப்போக்கில் 'வியா' உதிர்ந்துபோய் 'ஸ்ட்ராட்டா' மட்டும் மிஞ்சியது. இத்தாலியில் அது 'ஸ்ட்ராடா' ஆனது. இங்கிலாந்தில் 'ஸ்ட்ரீட்' ஆனது.

இங்கிலாந்தில் இந்தச் சொல் துப்பறியும் வேலையும் பார்க்கிறது. மண்ணுக்குள் புதைந்த ரோமானியச் சாலைகளைத் தேடுகிறவர்கள், எடுத்த எடுப்பில் மண்வெட்டியைத் தூக்குவதில்லை. முதலில் வரைபடத்தை விரித்து ஊர்ப் பெயர்களைப் படிக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் ஸ்ட்ராட்ஃபோர்டு. 'ஃபோர்டு' என்றால் ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய ஆழமில்லாத துறை. ஆக, ரோமானியச் சாலை ஆற்றைக் கடக்கும் துறை என்பதுதான் அந்த ஊரின் பெயர். ஸ்ட்ரெட்டன் என்றால் சாலையோரப் பண்ணை. லண்டனின் ஸ்ட்ரெட்டம் என்றால் சாலையோரக் குடியிருப்பு. இப்படி ஒரு பெயர் கண்ணில் பட்டால், பக்கத்தில் எங்கோ ஒரு பழைய சாலை படுத்திருக்கிறது என்று பொருள்.

அப்படிப்பட்ட சாலைகளில் ஒன்றை, கையில் இருக்கும் செல்போனிலேயே பின்தொடர்ந்து பார்க்கலாம். அதன் பெயர் ஸ்டேன் ஸ்ட்ரீட்.

மலைக்கு இந்தப் பக்கம் லண்டன்... அந்தப் பக்கம்?

கி.பி. 43-ல் ரோமானியப் படைகள் பிரிட்டனுக்குள் நுழைந்தன. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் லண்டனையும் தென்கரையை ஒட்டிய இன்றைய சிச்செஸ்டர் நகரையும் இணைத்து ஒரு சாலை போட்டார்கள். அன்று லண்டனின் பெயர் லண்டினியம். சிச்செஸ்டரின் பெயர் நோவியோமகஸ். சாலையின் நீளம் சுமார் 90 கிலோமீட்டர்.

கூகுள் மேப்பில் லண்டன் பாலத்தில் ஒரு விரலையும், சிச்செஸ்டர் நகரின் கிழக்கு வாசலில் இன்னொரு விரலையும் வைத்து, நடுவில் ஒரு நேர்கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து யூவெல் என்ற ஊர் வரைக்கும், ஏறக்குறைய 20 கிலோமீட்டர், சாலை அந்தக் கோட்டை ஒட்டியே போகிறது. குறுக்கே இரண்டு மலைத்தொடர்கள். இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை தெரியாது. சிலுவை வடிவச் சட்டத்திலிருந்து நான்கு தூக்குக்குண்டுகளைத் தொங்கவிட்ட 'குரோமா' என்ற கருவிதான் ரோமானிய அளவையாளர்களின் ஆயுதம். அதை வைத்துக்கொண்டு கணித்த திசை இது!

யூவெலுக்கு அப்புறம் சாலை பிடிவாதத்தை விட்டுவிடுகிறது. மலையை நேராக ஏறி மூச்சு வாங்காமல், மோல் ஆறு அறுத்துக்கொடுத்த கணவாய்ப் பக்கம் திரும்புகிறது. ரோமானியச் சாலை என்றாலே வளையாத கோடு என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். நேராகப் போகத் தெரிந்தவர்களுக்கு எங்கே வளைய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

தமிழர்கள் நடக்கும் ரோமானியச் சாலை

லண்டனில் நார்தர்ன் லைன் என்றொரு சுரங்க ரயில் பாதை உண்டு. அதில் கிளாப்பம், பாலம், டூட்டிங், காலியர்ஸ் வுட், மார்டன் என்று தெற்கே வரிசையாக நிலையங்கள் வரும். 1926-ல் இந்தப் பகுதியைத் திறந்தபோது, ரயிலைப் பெரும்பாலும் நெடுஞ்சாலைக்கு அடியிலேயே ஓடவிட்டார்கள். அந்த நெடுஞ்சாலையோ பழைய ஸ்டேன் ஸ்ட்ரீட்டின் தடத்தில் போகிறது. தரைக்கு மேலே இன்றைய பேருந்து, அதற்குக் கீழே ரோமானியர்களின் தடம், எல்லாவற்றுக்கும் அடியில் ரயில். ஒரே வழியில் மூன்று அடுக்குகள்.

டூட்டிங் என்றதும் லண்டன் தமிழர்களின் முகம் மலரும். இட்லி, தோசை, கொத்து ரொட்டி, நகைக்கடை, மளிகைக் கடை, அம்மன் கோயில் என்று தமிழ் வாசனை வீசும் கடைத்தெரு அது. முருங்கைக்காய் வாங்கப் பையோடு நடக்கும் ஈழத்துப் பாட்டியின் காலடியில் இருப்பது, ரோமானியப் படைவீரர்கள் நடந்த வழி.

முதலாளியின் பெயர் மறைந்தது

சரி, 'ஸ்டேன் ஸ்ட்ரீட்' என்பது ரோமானியர்கள் வைத்த பெயரா? இல்லை. அவர்கள் இந்தச் சாலையை என்னவென்று அழைத்தார்கள் என்பதற்கு ஒரு கல்வெட்டோ, ஓர் ஏடோ மிஞ்சவில்லை.

5-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிந்தது. அடுத்து வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்ஸன் மக்களுக்கு, சாலை போட்டவர்களின் மொழியும் தெரியாது, கணக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் காலுக்குக் கீழே இருந்த கல்தான்.

இந்தச் சாலை கடந்துபோகும் 'வீல்ட்' என்ற பகுதி களிமண் பூமி. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிடும் என்று பேர்போன இடம். அங்கே, சேற்றுக்கு நடுவே ஒரு பாதை மட்டும் கெட்டியாக இருந்தால் மக்கள் அதை என்னவென்று அழைப்பார்கள்? 'கல் ரோடு' என்றுதானே! பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டான்' என்றால் கல். ஸ்டேன் ஸ்ட்ரீட் என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான். எந்தப் பேரரசரின் புகழும் அதில் இல்லை. சேறு படாமல் சந்தைக்குப் போய்வந்த குடியானவர்களின் நிம்மதி இருக்கிறது.

ஊர்களுக்கும் அதே கதைதான். நோவியோமகஸ் என்ற பெயர் போய், சிச்செஸ்டர் வந்தது. சிஸ்ஸா என்ற சாக்ஸன் தலைவரின் கோட்டை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அதன் வாலில் இருக்கும் 'செஸ்டர்' மட்டும் ரோமானிய மிச்சம். முகாம் என்று பொருள்படும் 'காஸ்ட்ரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மான்செஸ்டர், வின்செஸ்டர், லங்காஸ்டர் என்று கிரிக்கெட் வர்ணனையிலும் கால்பந்துச் செய்தியிலும் காதில் விழும் ஊர்களின் வாலிலும் அதே காஸ்ட்ராதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கவிஞர், கேப்டன், வாத்தியார்

பெயர் இருக்கிறது, ஆனால் சாலை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறதா என்றால், இல்லை. பில்லிங்ஸ்ஹர்ஸ்ட் போன்ற இடங்களில் இன்றும் வண்டி ஓடும் நெடுஞ்சாலையாக இருக்கிறது. சில இடங்களில் ஒற்றையடிப் பாதை. சில இடங்களில் வயலுக்குள் போய் மறைந்துவிடுகிறது.

விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க முதலில் இறங்கியவர்களில் ஒருவர் எழுத்தாளரும் கவிஞருமான ஹிலேர் பெல்லாக். 1913-ல் 'தி ஸ்டேன் ஸ்ட்ரீட்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அவரிடம் கற்பனை வளம் அதிகம். அளவுகளில் தவறு இருக்கிறது என்று கேப்டன் கிரான்ட் என்பவர் 1922-ல் இன்னொரு புத்தகம் எழுதி, கணக்கை வரிவரியாகத் திருத்தினார்.

புத்தகச் சண்டை ஒரு பக்கம் நடக்க, எஸ்.இ.வின்போல்ட் மண்வெட்டியோடு கிளம்பினார். லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார். 1920-களில், ஆருன் ஆற்றங்கரையில் ஆல்ஃபோல்டீன் என்ற இடத்தில், சாலையோரத்தில் பயணிகள் தங்கிக் குதிரை மாற்றிய ரோமானிய நிலையத்தைத் தோண்டிப் பார்த்தார். பின்னர் 'வித் எ ஸ்பேடு ஆன் ஸ்டேன் ஸ்ட்ரீட்' என்று 1936-ல் ஒரு புத்தகமும் போட்டார். மண்வெட்டியோடு ஸ்டேன் ஸ்ட்ரீட்டில் என்று அர்த்தம். அவர் எப்படி வேலை பார்த்தார் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

அதன் பிறகு ஐவன் மார்கரி என்பவர் பிரிட்டனின் ரோமானியச் சாலைகள் அத்தனைக்கும் எண் கொடுத்து, 1950-களில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஸ்டேன் ஸ்ட்ரீட்டுக்கு அவர் தந்த எண் 15. இன்றும் ஆய்வாளர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

பெயரை மட்டும் நம்பினால்...

பெயர் துப்பு கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது. 'கோல்டு ஹார்பர்' என்ற பெயர் எங்கே வந்தாலும் அங்கே ரோமானியச் சாலை இருந்தது என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். இன்று அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

அதனால் தேடுகிறவர்கள் பல சாட்சிகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். முதல் சாட்சி பெயர். 1836-ல் இங்கிலாந்தில் தேவாலய வரியைப் பணமாக வசூலிக்கச் சட்டம் வந்தபோது, வயல் வயலாக அளந்து பெயரோடு பதிவு செய்தார்கள். 'ஸ்ட்ரீட் ஃபீல்டு' என்று பக்கத்தில் ஸ்ட்ரீட்டே இல்லாத ஒரு வயலுக்குப் பெயர் இருந்தால், ஆய்வாளரின் காது விடைத்துக்கொள்ளும். இரண்டாவது சாட்சி, இரு ஊர்களின் எல்லை காரணமே இல்லாமல் நீண்ட தூரம் நேர்கோடாக ஓடுவது. மூன்றாவது சாட்சி இப்போது வானத்திலிருந்து வருகிறது. விமானத்திலிருந்து லேசர் கதிர்களைப் பாய்ச்சித் தரையின் மேடு பள்ளத்தை அளக்கும் 'லைடார்' முறையில், காட்டுக்கு அடியில் கிடக்கும் சாலை மேடுகூட வரைபடத்தில் கோடாகத் தெரிந்துவிடும். 2015-ல் இங்கிலாந்தின் அரசுச் சுற்றுச்சூழல் முகமை இந்த லைடார் தகவல்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஓய்வுபெற்றவர்களும் மாணவர்களும் வீட்டிலிருந்தபடியே சாலை தேடுகிறார்கள்.

ஆனால் லேசருக்கும் ஓர் எல்லை உண்டு. உழுது சமமாக்கிய வயலில், கட்டடம் எழுந்த நகரில், மேடும் இருக்காது பள்ளமும் இருக்காது. அங்கெல்லாம் பேச்சில் தங்கிய பெயர் மட்டுமே கடைசிச் சாட்சி. நான்கு வயல்களை ஒன்றாக்கி வேலியைப் பிடுங்கும்போது மூன்று பெயர்கள் வேலையில்லாமல் போகின்றன. எழுதி வைக்காத பெயர், அதைச் சொன்ன கடைசி விவசாயியோடு போய்விடும். பிறகு எந்த விமானம் பறந்தாலும் அது திரும்பி வராது.

கைகாட்டி மரமும் தபால்காரரும்

சிச்செஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் ஹானக்கர் என்றொரு சிற்றூர். அங்கே இரு பக்க மரங்களும் வளைந்து கூரை போட்ட ஒரு பாதை இருக்கிறது. சமூக வலைதளங்களில் 'மரச் சுரங்கம்' என்று வலம்வரும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். செல்ஃபி எடுக்க வரும் கூட்டம் நிற்பது ஸ்டேன் ஸ்ட்ரீட்டின் தடத்தில்தான். ஹானக்கர் என்ற பெயருக்கு அர்த்தம் 'அரை ஏக்கர்'. உலகையே ஆண்ட ஒரு சாம்ராஜ்ஜியத்தின் சாலையில், பெயர் நிலைத்தது யாரோ ஒருவரின் அரை ஏக்கர் நிலத்துக்கு!

அங்கிருந்து வடகிழக்கே பிக்னர் மலை உச்சியில் மரத்தால் ஆன ஒரு கைகாட்டி நிற்கிறது. லண்டினியம் ஒரு பக்கம், நோவியோமகஸ் மறுபக்கம் என்று லத்தீனில் வழிகாட்டுகிறது. மலையேறி வருபவர்கள் ரசிப்பதற்காக இந்தக் காலத்தில் நட்டு வைத்தது அது. அந்த மகா பெயர்களை இன்று யாரும் முகவரியில் எழுதுவதில்லை.

ஆனால் வடக்கே ஆக்லி கிராமத்தில், நேராக ஓடும் சாலையின் ஓரத்து வீடுகளுக்கு இன்றும் முகவரி 'ஸ்டேன் ஸ்ட்ரீட்'. பேர் தெரியாத குடியானவர்கள் என்றோ வைத்த 'கல் ரோடு' என்ற பெயரைப் படித்துத்தான், தபால்காரர் இன்றைக்கும் சரியான வாசலில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்.