டெக்சாஸில் வென்றாலும் டெபாசிட் போகும்

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. வேலை கிடைத்து டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் இனிக்கும் செய்தி இது. சொந்த வீடு வாங்கி, மதிப்பீட்டு அலுவலகத்தின் கடிதம் வரும்போதுதான் மறுபக்கம் தெரியும். பள்ளி நிர்வாகம், கவுண்டி, நகராட்சி எல்லாம் கேட்கும் சொத்து வரியைக் கூட்டினால், பல ஊர்களில் வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். விலக்குகளைக் கழிக்காமல் பார்த்தால், 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 8 ஆயிரம் டாலர்.

அந்த 4 லட்சம் சரிதானா என்பதில்தான் வம்பு. வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்று அரசுக்குத் தெரிவிக்கும் கட்டாயம் டெக்சாஸில் இல்லை. மதிப்பீட்டு அலுவலகம் கைக்குக் கிடைத்த விற்பனை விவரங்களை வைத்து, ஒரு பகுதி வீடுகளுக்கெல்லாம் மொத்தமாகக் கணினியில் கணக்குப் போட்டு, ஜனவரி 1 நிலவரப்படி ஒரு தொகையைக் குறிக்கிறது. களிமண் நிலம் சுருங்கி விரிந்து அஸ்திவாரத்தில் விரிசல் விட்டதும், ஆலங்கட்டி மழையில் கூரை அடிவாங்கியதும் அந்தக் கணினிக்குத் தெரியாது.

பொதுவாக மே 15-க்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அதை விசாரிக்க ஒரு மறுஆய்வு வாரியம் இருக்கிறது. வீட்டுக்காரர் படங்களை எடுத்து நீட்டுவதற்குள் விசாரணை முடிந்துவிடுவதும் உண்டு. வாரியம் தனி அமைப்புதான். ஆனால் அதற்கான செலவு மதிப்பீட்டு அலுவலகத்தின் பட்ஜெட்டிலிருந்தே வருகிறது. சந்தேகம் எழ இது போதாதா?

வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் ஒரு காலத்தில் நீதிமன்றம்தான் கதி. சில நூறு டாலர் வரிக்காக யார் வக்கீல் வைப்பார்கள்? 2005-ல் வந்த சட்டம் இதற்கு ஒரு வழி திறந்தது. வாரியத்தின் உத்தரவு கிடைத்த 60 நாட்களுக்குள் டெபாசிட் கட்டி, இருதரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் விசாரணையைக் கேட்கலாம். நடுவர், மாநிலத்தின் வரி, கணக்குகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் பட்டியலில் உள்ளவர். வக்கீலாகவோ சொத்து மதிப்பீட்டாளராகவோ வீட்டுத் தரகராகவோ இருக்கலாம். தொலைபேசியிலேயே விசாரணையை முடித்துக்கொள்ளலாம். குடியிருக்கும் சொந்த வீடு என்றால் எவ்வளவு மதிப்பானாலும் இந்த வழி உண்டு; பிற சொத்துகளுக்கு உச்சவரம்பு 50 லட்சம் டாலர். வரி பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் கதவு திறக்காது.

நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. கோளாறு டெபாசிட்டில் இருக்கிறது. 5 லட்சம் டாலர் வரையிலான, குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு 450 டாலர் கட்ட வேண்டும். நடுவர் சொல்லும் மதிப்பு, வீட்டுக்காரர் விண்ணப்பத்தில் எழுதிய தொகைக்கு நெருக்கமாக இருந்தால் நடுவரின் கட்டணத்தை மதிப்பீட்டு அலுவலகம் கொடுக்கும்; நிர்வாகச் செலவுக்கான 50 டாலர் போக மீதி வீட்டுக்காரருக்குத் திரும்பும். வாரியத்தின் தொகைக்கு நெருக்கமாகப் போனால், நடுவர் கட்டணம் டெபாசிட்டிலிருந்தே போகும். வாய்க்கு வந்த தொகையை எழுதவிடாமல் தடுக்க இது கெட்டிக்காரத்தனமான விதிதான்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரியம் சொன்னது 4 லட்சம். வீட்டுக்காரர் எழுதியது 3 லட்சத்து 40 ஆயிரம். நடுவர் 3 லட்சத்து 75 ஆயிரம் என்கிறார். மதிப்பு 25 ஆயிரம் குறைந்திருக்கிறது, 2 சதவீத வரியில் 500 டாலர் மிச்சம். ஆனாலும் தீர்ப்பு வாரியத்தின் தொகைக்கே நெருக்கம் என்பதால் 450 டாலர் முழுவதும் போய்விடும். நம்மூர்த் தேர்தலில் தோற்றவர்தான் டெபாசிட்டை இழப்பார். இங்கே வென்றவர் இழக்கிறார், கையில் நிற்பது 50 டாலர். இதே ஆள் 3 லட்சத்து 60 ஆயிரம் என்று எழுதியிருந்தால், அதே ஆதாரம், அதே தீர்ப்புக்கு 400 டாலர் திரும்பியிருக்கும். வரி ஏஜென்டுகளுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு எப்படித் தெரியும்?

குடியிருக்கும் சொந்த வீட்டின் வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற உச்சவரம்பு வேறு இருக்கிறது. சந்தை மதிப்பு அந்த வரம்பைத் தாண்டி நிற்கும்போது, நடுவர் குறைத்த பிறகும் அது வரம்புக்கு மேலேயே இருந்தால், அந்த ஆண்டு வரி ஒரு டாலர்கூடக் குறையாது. குறைத்த மதிப்பை மறுவருடமே ஏற்ற வேண்டுமானால் மதிப்பீட்டு அலுவலகம் தெளிவான, வலுவான ஆதாரம் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வது ஓரளவு ஆறுதல்.

பெரிய கட்டடங்களுக்கும் வணிகச் சொத்துகளுக்கும் இப்போதைய விதி அப்படியே இருக்கட்டும். 5 லட்சம் டாலருக்குட்பட்ட, குடியிருக்கும் சொந்த வீட்டில் நடுவர் மதிப்பை 5 சதவீதமாவது குறைத்தால், விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தாலும் டெபாசிட் திரும்ப வேண்டும். இதனால் வழக்குகள் குவியும் என்று மதிப்பீட்டு அலுவலகங்கள் சொல்லக்கூடும். ஆதாரமில்லாமல் வருபவர் அப்போதும் 450 டாலரை இழக்கத்தான் போகிறார்.