பிரட்டுக்கு வராதவர்களும் நம்மவர்களே

அக்குறணைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அண்மையில் சீனி வருத்தமும் பிரஷரும் பார்க்கும் கிளினிக் நடந்தது. முதல் நாள் காலைப் பிரட்டில் அறிவித்தார்கள். கேட்டவர்கள் போனார்கள். மேல் லயத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் ஒன்பது வருடமாகிறது. அவர் பிரட்டுக்கு வருவதில்லை. அதனால் அவருக்குச் சேதி போகவில்லை. போயிருந்தாலும், அந்தப் படிக்கட்டில் அவரைத் தூக்கி வர இரண்டு பேர் வேண்டும். அந்த இருவருக்கும் அன்று பேர் இல்லை, சம்பளமும் இல்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோவொரு இயலாமை உண்டு. ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். உங்கள் லயத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

"அவருக்குத்தான் ஏற்கனவே வருத்தமாயிற்றே, இனி எதைப் பரிசோதிப்பது?" என்று நம் வீடுகளிலேயே கேட்கிறோம். இது பெரிய தவறு. நடமாட முடியாதவருக்குச் சீனியும் பிரஷரும் வரும் வாய்ப்புக் கூடுதல். உணர்ச்சியற்ற காலில் புண் வந்தால் அவருக்கே தெரியாது. சீனியால் ஒரு காலை இழந்தவர் மற்றக் காலையாவது காப்பாற்ற வேண்டாமா? காது கேளாத அக்காவுக்கும் மார்பில் கட்டி வரலாம். மனவளர்ச்சி குன்றிய தங்கையைக் "கல்யாணமாகாத பிள்ளைதானே" என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிடுகிறோம். மார்புப் பரிசோதனை எல்லாப் பெண்களுக்கும் உரியது.

வசதி இல்லாமல் இல்லை. 35 வயதைக் கடந்தவர்களுக்கு ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன. பெண்களுக்குச் சுவநாரி கிளினிக் இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அங்கே உண்டு. இரண்டும் இலவசம். ஆனால் நடந்து வருபவருக்கும், அறிவிப்பைக் கேட்பவருக்கும் மட்டுமே அந்தக் கதவு திறந்திருக்கிறது.

சட்டமும் நம் பக்கம்தான். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வழி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரமான சுகாதார சேவை இவர்களுக்கும், இவர்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்கிறது. கிராமப்புறத்தையும் அது குறிப்பிட்டே சொல்கிறது.

நாமும் குற்றத்துக்குத் தப்பியவர்கள் அல்ல. சங்கக் கூட்டத்தையும் பிரட்டுக்களத்தில்தான் வைக்கிறோம். சந்தா கட்டுபவரை எண்ணுகிறோம். உழைத்து முடமாகி வீட்டில் கிடப்பவரை எண்ணுவதில்லை.

ஆகவே சங்கம் கேட்பது இவை:

1. கிளினிக் அறிவிப்பை லயம் லயமாகப் போய்ச் சொல்ல வேண்டும்.
2. வர முடியாதவர்களைப் பார்க்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் குழு, குறிப்பிட்ட நாட்களில் லயத்துக்கோ பிள்ளைமடுவத்துக்கோ வர வேண்டும்.
3. கூட்டிச் செல்பவருக்கு அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும்.
4. தோட்ட வாகனத்தைத் தந்து உதவ வேண்டும்.

நிர்வாகத்திடமும் பணிமனையிடமும் வெறுங்கையோடு போனால் "அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். பதில் நம் கையில் இருக்க வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் லயவாரியாக ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வாருங்கள்: வயது, இயலாமை, கடைசியாகப் பரிசோதித்தது எப்போது. வீட்டாரின் சம்மதத்தோடு, முடிந்தவரை அவரிடமே கேட்டு எழுதுங்கள். எழுதத் தயங்குபவர்களுக்குத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் உதவுவோம்.

அந்த அண்ணனின் பெயரை முதல் வரியில் எழுதியாயிற்று. மற்றப் பெயர்களை நீங்கள் கொண்டு வாருங்கள்.