குமுதினியில் போன குழந்தை

ஆசிரியருக்கு,

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பயணிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர்கள் இலங்கைக் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினார்கள்.

மாண்டோரில் ஏழு மாதக் குழந்தையொன்றும் இருந்தது. ஏழு மாதமென்றால் எங்கள் வீடுகளில் பல் முளைத்ததென்று பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டி மகிழும் பருவமல்லவா! அந்தச் சிறு வாழ்வைச் சொல்லப் பெயரும் வயதும் போதாது. ஆண்டுதோறும் எங்கள் தீவின் மாவிலித்துறையில் மாண்டோர் நினைவாகச் சுடரேற்றுகிறோம், அது வேண்டியதுதான். ஆனால் தூக்கி வளர்த்த கைகள் இருக்கும்போதே, பிள்ளை எதற்குச் சிரித்தது, யார் தோளில் உறங்கியது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். அடுத்த மே மாதத்துக்கு முன் உங்கள் நிருபர் ஒருவரை இங்கே அனுப்புவீர்களா?

வாசகர்,
நெடுந்தீவு