பொம்மை ரயிலுக்கு நிஜ ரயிலில் போவோம்!

இந்த வருடச் சுற்றுலா திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கு என்று பேச்சு அடிபடுகிறது. 2014-ல் திறந்தது. சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றி வரும் பொம்மை ரயிலும் அங்கே உண்டாம். திருச்சி பொன்மலைப் பணிமனைதான் ஊட்டி மலை ரயிலுக்கே நீராவி எஞ்சின் செய்து கொடுத்தது!

எல்லாம் சரி. ஆனா வேன்ல போறதாம்!

நம்ம ஊர் வழியாவே ரயில் ஓடுது. எங்கள் வகுப்பில் கை தூக்கச் சொன்னேன். 31 பேரில் 19 பேர் ரயில் ஏறியதே இல்லை. நானும்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். வெளியூர் போக ஏது நேரம்?

பொம்மை ரயில் ஏறின இடத்திலேயே இறக்கி விட்டுடும். நிஜ ரயில்தான் ஊர் தாண்டிக் கூட்டிப்போகும். திண்டுக்கல்லில் மாறிக்கொள்ளலாம். கை கோத்தபடியே வருகிறோம், தொலைய மாட்டோம்.

ஆசிரியர்களே, டிக்கெட் எடுப்பீர்களா?

– 9-ஆம் வகுப்பு மாணவி