பாதவலியும் எக்ஸ்-ரே படமும்

"கால் வலிக்கிறது" என்று குழந்தை சொன்னால் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. 'பள்ளிக்கூடம் போகாமலிருக்க இது ஒரு சாக்கு' என்று தள்ளிவிடுவது ஒன்று. 'எதற்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவோம்' என்று ஓடுவது மற்றொன்று. படத்தில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்று வந்துவிட்டாலோ இரண்டு பதில்களும் ஒன்றாகிவிடுகின்றன. 'படத்திலேயே ஒன்றுமில்லை, எல்லாம் வேஷம்!' என்று குழந்தைக்கு வசவு விழுகிறது. இது எவ்வளவு பெரிய அநீதி என்பது விளங்க வேண்டுமானால், அந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை நாம் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜென் எக்ஸ்-கிரணங்களைக் கண்டுபிடித்தார். மாம்சத்தைச் சுலபமாக ஊடுருவும் அந்தக் கிரணங்களைச் சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு தடுக்கிறது. ஆகையால் எலும்பு படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. ஆனால் குழந்தையின் பாதம் பெரியவர்களுடைய பாதத்தின் சிறிய பிரதி அன்று. அதில் ஒரு பெரும்பகுதி இன்னும் எலும்பாக மாறாத குருத்து. குருத்து எக்ஸ்-ரேயில் தெரியாது. பிறந்த குழந்தைக்குக் குதிகால் எலும்பும், அதன்மேல் அமர்ந்திருக்கும் எலும்பும் படத்தில் விழும். உள்ளங்கால் வளைவிலுள்ள நேவிகுலர் என்னும் படகு வடிவமான எலும்போ இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டத் தொடங்கும். அதுவரை அந்த இடம் வெறுமையாகத் தோன்றும். வெறுமை என்பது படத்தில்தான், பாதத்தில் அன்று.

தெரியாதது ஒரு புறமிருக்க, தெரிவதும் சில சமயங்களில் நம்மை மயக்கிவிடும். எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் ஓடி விளையாடிய பிறகு குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுண்டு. கெண்டைக்காலின் தசைநார் வந்து சேரும் குதிகால் நுனி, வளரும் பருவத்தில் இழுபட்டு நோவதே இதற்குக் காரணம். 1912-இல் இதை விவரித்த அமெரிக்க டாக்டர் ஸீவரின் பெயரால் இது வழங்குகிறது. இந்த வயதில் எக்ஸ்-ரே எடுத்தால் அந்த நுனி துண்டுபட்டது போலவும் மிக வெண்மையாகவும் காணப்படும். பார்த்தவுடன் தாயார் பதறிப்போவாள். ஆனால் வலியே இல்லாத பிள்ளைக்கும் அது அப்படித்தான் இருக்கும்! ஆகவே டாக்டர் குதிகாலை இருபுறமும் அழுத்திப் பார்த்தே பெரும்பாலும் இந்த நோவை நிச்சயித்துவிடுகிறார். சிறிது ஓய்வும் மெத்தென்ற செருப்பும் போதும்.

1908-இல் ஜெர்மானிய டாக்டர் கோலர் எழுதிவைத்த நோய் இன்னும் சிறியவர்களுக்கு வருவது. இதில் முன் சொன்ன படகெலும்பு ரத்தவோட்டம் குறைந்து சப்பையாகிவிடுகிறது. இதை எக்ஸ்-ரே நன்றாகவே காட்டும். ஆனால் நொண்டாத குழந்தைகள் சிலருக்கும் இதே தோற்றம் உண்டு. ஆகையால் படத்தில் கண்ட இடமும் விரலால் தொட்டால் குழந்தை 'ஆ' என்னும் இடமும் ஒன்றாயிருந்தால்தான் அதற்கு நோய் என்று பெயர். பெரும்பாலும் இது காலக்கிரமத்தில் தானே சரியாகிவிடும்.

மிகவும் கவனிக்க வேண்டிய அபாயம் வேறு. எலும்புக்குள் கிருமி புகுந்து சீழ் கட்டுவதுண்டு. அந்த நோய் தொடங்கிப் பத்து நாள், இரண்டு வாரம் வரையில் எக்ஸ்-ரேயில் எலும்பு மாசுமறுவின்றி இருக்கலாம். ஜுரத்தோடு நொண்டும் குழந்தையின் படம் சுத்தமாயிருக்கிறதே என்று நிம்மதியடைந்து வீட்டில் இருந்துவிட்டால், அந்த நாட்களில் எலும்பு உள்ளே அரிபட்டுப் போகும். எம்.ஆர்.ஐ. படமோ முதல் சில நாட்களிலேயே இதைக் காட்டிவிடும். ரத்தப் பரிசோதனையும் துணைசெய்யும்.

இப்படி ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒவ்வொரு கருவி இருக்கிறது. காலில் தைத்து முறிந்த முள்ளும் மரச்சிராயும் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியா. ஒலியலையைக் கொண்டு பார்க்கும் அல்ட்ராஸவுண்டில் தெரியும். பாதத்தின் இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு பத்து வயதுக்கு மேல் வலி தருவதுண்டு. சில ஒட்டுகளைச் சாய்வாக எடுத்த எக்ஸ்-ரே காட்டிவிடும், சிலவற்றுக்கு ஸி.டி. ஸ்கானோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் கிரணத் தீங்கு இல்லை. ஆனால் இரைச்சலுக்கு நடுவே வெகுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டியதால், சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்க நேரிடும்.

பாதத்துக்கு ஒரு எக்ஸ்-ரே எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. சில மணி நேரத்தில் பூமியிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் நம் எல்லோர்மீதும் இயற்கையாகப் படும் அளவுக்கு மேல் அதில் கிரணம் இல்லை. எனினும் காரணமின்றி எடுப்பது தகாது. 1920-களிலிருந்து 1950-கள் வரையில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜோடுக் கடைகளில் எக்ஸ்-ரே பெட்டிகளை வைத்திருந்தார்கள். குழந்தைகள் புது ஜோட்டோடு காலை நுழைத்துத் தங்கள் எலும்புகளையே வேடிக்கை பார்த்தார்கள். வியாபாரம் நடந்தது, வைத்தியப் பயன் எதுவுமில்லை. கடைசியில் 1957-இல் பென்ஸில்வேனியா மாகாணம் அதைத் தடுத்துச் சட்டம் செய்தது.

ஆகவே பெற்றோர்கள் படத்தைக் கேட்டு வாங்குவதைவிட, டாக்டரிடம் விவரத்தைச் சொல்வது மேல். வலி எந்த இடத்தில்? ஒரு காலிலா, இரண்டிலுமா? காலையிலா, விளையாடிய பிறகா, இரவிலா? அடிபட்டதுண்டா? இவற்றுக்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டுதான் எந்தப் படம் வேண்டும், வேண்டுமா என்பதே தீர்மானமாகிறது. ஜுரம், வீக்கம், காலை ஊன்ற மறுத்தல் ஆகிய இவை இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியையும், உடல் மெலிவையும், ஒரே இடத்தில் விடாமல் நிற்கும் நோவையும் தாமதிக்கலாகாது. அபூர்வமாக ரத்தப் புற்றுநோய்கூட எலும்பு வலியாக முதலில் வெளிப்படுவதுண்டு.

உபாத்தியாயர்களாகிய நமக்கும் இதில் கடமை உண்டு. எந்தப் பிள்ளை எந்தக் காலைத் தாங்கி நடக்கிறான் என்பது வீட்டாரைக் காட்டிலும் முன்னதாகவே விளையாட்டு மைதானத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவனைச் சோம்பேறி என்று வரிசையில் நிறுத்துவதற்கு முன் அவன் தகப்பனாருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பலாம். சுத்தமான படத்தைக் கையில் வைத்துக்கொண்டும் ஒரு குழந்தை நொண்டுமானால், நாம் நம்ப வேண்டியது அந்தக் குழந்தையையே. படம் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.