கரைக்காற்றும் ஒட்டகக் கயிறும்



கரிசல் மண்ணில் பிறந்த நமக்குக் கடல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சந்தையில் விற்கும் கருவாடுதான். கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரத்துப் பிள்ளைகள் நீந்தக் கற்பது கிணற்றிலும் கண்மாயிலுமே. ஆயினும் விளாத்திகுளத்தைக் கடந்து கிழக்கே சென்றால் வேம்பாரில் நிலம் முடிந்து நீலம் தொடங்கிவிடுகிறது. அந்த நீலத்தின் மீது நம் இளைஞர்களுக்கு இப்போது புதிய ஆசை ஒன்று பிறந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்மாதம் எழுத வேண்டியதாயிற்று.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஆடி மாதம் வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்தார். அங்கே அமைதியான கழிமுகத்தில் 'கயாக்' எனும் ஒற்றையாள் துடுப்புப் படகில் தூண்டில் போட்டுப் பழகியவர். இங்கும் அத்தகைய பிளாஸ்டிக் படகு ஒன்றை நண்பரிடம் பெற்றுக்கொண்டு, "ஹஜ்ரத், நாளை கடலுக்குப் போகிறேன், துஆச் செய்யுங்கள்" என்றார். நானும் கையேந்தித் துஆச் செய்தேன். "மிதவைச் சட்டை இருக்கிறதா? துணைக்கு யார் வருகிறார்?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குறை இன்றளவும் என்னை உறுத்துகிறது.

சுப்ஹுத் தொழுகை முடித்துத் தனியே சென்றார். கடல் கண்ணாடி போலக் கிடந்தது. பாறை மீன் இரண்டு அகப்பட்டன. வெயில் ஏறியபோது மேற்கிலிருந்து காற்று எழுந்தது. கரையை நோக்கித் துடுப்புப் போட்டார். கரையோ விலகிக்கொண்டே சென்றது. அலை ஒன்று படகைப் புரட்டியது. துடுப்பு போயிற்று. மிதவைச் சட்டையை உடலில் அணியாமல் இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்; அதுவும் போயிற்று. கவிழ்ந்த படகைக் கைவிடாமல் பற்றிக் கிடந்ததே அவரைக் காத்தது. வலை இழுத்துத் திரும்பிய வள்ளத்தில் இருந்த கிறிஸ்தவ மீனவச் சகோதரர்கள் கண்டு, அவரைத் தூக்கியெடுத்துக் கரை சேர்த்தார்கள். பணம் நீட்டியபோது மறுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் அவருடைய உம்மா அழுதபடி அவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். "அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துத்தானே போனேன், ஹஜ்ரத்?" என்றார் அவர். அக்கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று வினவிய தோழருக்கு, கட்டிவிட்டே நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உள்ளது. கயிறு நம் கையில். காவல் அல்லாஹ்வின் கையில். கொந்தளிக்கும் வேளையில் கடலேறி மாண்டவரை விட்டுப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடும் என்ற எச்சரிக்கை முஸ்னத் அஹ்மதில் இடம்பெறுகிறது. கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் உறங்குவதும் அதே எச்சரிக்கையில் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதின் தகுதி பெறுவார் என்பது உண்மையே. அது பிரிந்து தவிப்போருக்கு ஆறுதல். அலட்சியத்திற்கு அனுமதிச் சீட்டு அன்று.

அந்த மாணவரை இழுத்துச் சென்ற காற்றை நாம் அறியாதவர்கள் அல்லர். கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறில் காற்றாலைகள் சுழல்வதைப் பேருந்தில் போகும்போதெல்லாம் பார்க்கிறோமே, அதே காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நெருங்கிப் புகுந்து, கரிசலைக் கடந்து, கிழக்கே கடலில் இறங்குகிறது. இங்கே புழுதியைக் கிளப்பும் காற்று, அங்கே படகைக் கரையிலிருந்து பிடித்துத் தள்ளும். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. கரையிலிருந்து வீசும் காற்று, கரையோரத்தில் அலை எழுப்பப் போதிய தூரம் ஓடியிராது. ஆகவே கரையில் நிற்பவனுக்குக் கடல் சாதுவாகத் தெரியும். உள்ளே போகப் போக அலை வளரும். திரும்பும் வழியோ எதிர்காற்றாக இருக்கும். அலையை மட்டும் பார்த்துப் புறப்படாதீர். காற்று எத்திசையில் வீசுகிறது என்று பாரும். ஆடிக்காற்று வீசும் நாளில் துடுப்புப் படகை வீட்டிலேயே வைத்துவிடுவது அறிவுடைமை.

கயாக் என்பது வடதுருவப் பகுதி மக்கள் விலங்குத் தோலால் அமைத்த வேட்டைப் படகு. அதற்கு நிகராக நம் முன்னோர் வைத்திருந்தது கட்டுமரம். ஆங்கிலேயர் தம் மொழிக்கு எடுத்துச் சென்ற சொல் அது. இரண்டும் எளிதில் அமிழா. ஆனால் கட்டுமரக்காரர் பிள்ளைப் பருவம் முதல் காற்றையும் நீரோட்டத்தையும் படித்தவர். படகை விலைக்கு வாங்கலாம். அந்தப் படிப்பை வாங்க முடியாது. எனவே எந்தக் கரையில் இறங்குகிறீர்களோ, அந்த ஊர் மீனவரிடம் முதலில் கேளுங்கள். அவர் "இன்று வேண்டாம்" என்றால் அதுவே இறுதித் தீர்ப்பாகட்டும்.

அனுபவசாலிகளையும் கடல் விட்டுவைப்பதில்லை. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒகி புயலாக வலுவடைந்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தலைவனை இழந்தன. அவர்கள் சென்றது பிழைப்பிற்காக. பொழுதுபோக்கிற்காகச் செல்பவருக்கோ செய்தி கேட்காமல் புறப்பட ஒரு காரணமும் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையும், ஹைதராபாதில் உள்ள கடல் தகவல் சேவை மையமும் காற்று, அலை பற்றிய முன்னறிவிப்பை நாள்தோறும் வெளியிடுகின்றன.

இனி, கட்ட வேண்டிய கயிறுகள் எவை? மிதவைச் சட்டையைக் கரையிலேயே அணிந்து வாரை இறுக்குங்கள். கவிழ்ந்த பின் அணிவது அரிது. துடுப்பைக் கயிற்றால் படகோடு பிணையுங்கள். கவிழ்ந்த படகை நிமிர்த்தி மீண்டும் ஏறுவதை, ஆழமற்ற நீரில் துணையோடு பலமுறை பழகுங்கள். தனியே போகாதீர்கள். நங்கூரக் கயிற்றைப் படகின் பக்கவாட்டில் கட்டாதீர்கள். நீரோட்டம் படகைச் சாய்த்துவிடும். கழுத்தில் ஒரு விசிலும், நீர் புகா உறையில் கைப்பேசியும் இருக்கட்டும். கடலோரக் காவல் படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் மனப்பாடமாகட்டும். குடிநீரும், நம் ஊர்க் கடலை மிட்டாய் நாலும் கட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிச் செல்லுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. சொன்ன நேரம் கடந்தால், "அக்கம் பக்கத்தார் என்ன நினைப்பார்களோ" என்று தயங்காமல் உடனே அந்த எண்ணை அழையுங்கள். மாணவரின் உம்மாவுக்கு மகன் எந்தக் கரைக்குப் போனான் என்பதே தெரிந்திருக்கவில்லை. தேடச் சொல்வதானாலும் எங்கே தேடச் சொல்வார்கள்?

கடலைக் கண்ட நபியான யூனுஸ் (அலை) அவர்களின் பெயர் தாங்கிய அத்தியாயத்தின் 22, 23ஆம் வசனங்களை ஓதிப் பாருங்கள். இதமான காற்றில் மகிழ்ந்து செல்வோரைத் திடீரெனப் புயல் சூழ்கிறது. அவர்கள் உளத்தூய்மையுடன் இறைவனை அழைக்கிறார்கள். கரையேறியதும் பழையபடி வரம்பு மீறுகிறார்கள். அந்த மாணவர் மறக்கவில்லை. விடுப்பு முடிந்து புறப்படுமுன் மிதவைச் சட்டைகள் இரண்டு வாங்கி, தம்மைக் கரைசேர்த்த அந்த வள்ளத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நானும் ஒரு பாடம் கற்றேன். இப்போதெல்லாம் துஆக் கேட்டு வரும் பிள்ளைகளிடம், கையேந்துவதற்கு முன் கயிற்றைப் பற்றிக் கேட்கிறேன்.

நிலத்திலும் நீரிலும் நம்மைச் சுமந்து செல்லும் வல்ல நாயன், கடலில் இரணம் தேடும் எல்லாச் சமுதாயத்தாரையும் பத்திரமாக அவரவர் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.